உன் அக்கா சண்டை போடுவதில்லை

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம்தான். பயப்படும் அளவுக்குச் சுகம்.

விஷயம் இதுதான். உன் அக்கா என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதே கணக்குச் சுத்தத்தோடு சொல்கிறேன், சரியாக மூன்று மாதமாகச் சண்டை இல்லை.

முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன், "சரி" என்றாள். ஈரத் துண்டுக்கு யாராவது "சரி" சொல்வார்களா? மறுநாள் சேற்றுச் செருப்போடு சமையலறை வரை நடந்தேன், அதற்கும் "சரி", வயசாக ஆகப் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன், அவளுடைய தையல் மெஷினுக்கும் பக்குவம் வந்துவிட்டது போல, சத்தமே இல்லை, தைக்கக் கொடுத்த துணிகள் என் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டன, எதிர்வீட்டு டீச்சர் இரண்டு தடவை வந்து தன் ரவிக்கையைக் கேட்டபோது "தலைவலின்னு சொல்லிடுங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னாள், நானும் அப்படியே சொன்னேன், மடையன். குழம்பில் உப்பில்லை, என் ரத்தக் கொதிப்புக்காக அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெறுந்தரையைப் பார்க்கிறாள், இருபத்திரண்டு நிமிஷம், குறித்து வைத்திருக்கிறேன். என்ன ஏது என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க". நேற்று பொறுக்க முடியாமல், "உன் தம்பி ஒரு தண்டச்சோறு" என்றேன். மன்னித்துக்கொள், சும்மா சீண்டிப் பார்க்கத்தான். என்ன சொன்னாள் தெரியுமா? "சரி." அப்பதான் மாப்ளே எனக்குப் புரிஞ்சுது, இது பக்குவமில்லைன்னு. ரேடியோவில நியூஸ் வாசிக்கிறவனோடகூட மல்லுக்கு நிக்கிறவ அவ. எனக்கு அந்த வாய் வேணும்யா.

ஆனாலும் நீ பதறாதே. லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம். போனில் கேட்டால் உன்னிடமும் "நல்லா இருக்கேன்டா" என்றுதான் சொல்லப்போகிறாள். எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மாமனார் மாமியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தானாகச் சரியாகிவிடும் என்று எழுதினேனே, அதை நம்பாதே. உடனே புறப்பட்டு வா. கவரை ஒட்டப் பசை தேடிப் போயிருந்தேன், திரும்பி வந்தால் உன் அக்கா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "எதுவுமே பிடிக்கலைங்க, ஏன்னு எனக்கே தெரியலை" என்றாள். வியாழக்கிழமை மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறோம். "நீங்களும் உள்ளே வரணும்" என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் என் பேனாவைப் பிடுங்கி, மேலே "மூன்று மாதம்" என்று எழுதிய இடத்தில் ஒரு கோடு போட்டாள், நீயே பார். போட்டுக்கொண்டே கேட்டாள்:

"மூணு மாசமா? ஒரு வருஷமாச்சு. முப்பத்தோரு வருஷமா என்னத்த நேரம் பார்த்தீங்க?"

அவள் என்னைத் திட்டிவிட்டாள், மாப்ளே. எழுந்துபோய், இன்றைக்கும் கட்டிலில் போட்டிருந்த ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.