மாட்டுக்கொட்டகை போன்

தப்பு என் மேலும் இருக்கலாம் என்ற யோசனை எனக்கு எப்போதுமே கடைசியில்தான் வரும். அதற்குள் மற்ற எல்லோரையும் திட்டி முடித்திருப்பேன்.

மாரண்டஹள்ளியைத் தாண்டி, தக்காளிக் காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் மோட்டார் ரூம் மேல் ஏற வேண்டும். அதனால் லேண்ட்லைனிலேயே பிராட்பேண்ட் வாங்கி, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். போன் மணி அடித்தால் நெட் போய்விடும். பாப்பாரப்பட்டியில் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த பெரிய மாமா, தன் தங்கை, அதாவது என் அம்மா, இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்கத் தினமும் கூப்பிடுவார். குழம்பு விவரம் முடிவதற்குள் என் மீட்டிங் முடிந்திருக்கும்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண் பொறுமையாக, வீட்டில் எத்தனை போன், ஒவ்வொன்றுக்கும் ஸ்ப்ளிட்டர் மாட்டியிருக்கிறதா என்று கேட்டார். (பேச்சையும் நெட்டையும் மோதவிடாமல் பிரிக்கிற சின்ன டப்பா அது.)

"ஒரே போன்தாங்க. அதுக்கு மாட்டியாச்சு. எனக்கே பாடம் எடுக்காதீங்க" என்றேன்.

வேலை நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் சொல்லப்போகும் நாள் வந்தது. காலையிலேயே மோடத்தை விட்டுவிட்டு, போனுக்குப் போகும் ஒயரை மட்டும் உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மாமா கூப்பிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். ஒரு மணி நேரம் குழம்பு ரகசியமாக இருக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தும் கொண்டேன்.

மேனேஜர் வாயைத் திறந்ததும் மோடத்தில் விளக்கு அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்தது. இப்படி ஐந்து தடவை. மோடத்தைத் தட்டினேன், ஊதினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், மிக்சி போடாதே என்று அம்மாவிடம் கத்தினேன். (அம்மா தோட்டத்தில் இருந்தாள்.) கடைசியாக நெட் வந்தபோது மேனேஜர் போயிருந்தார்.

மதியம் மாமா மகன் பைக்கில் வந்து இறங்கினான்.

"அப்பா தவறிட்டாரு அத்தை. தங்கச்சி கொரலக் கேக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. அஞ்சு வாட்டி அடிச்சோம். மணி போவுது, யாரும் எடுக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒயர் என் பாக்கெட்டில்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு லைன்மேன் வந்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தவர், காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையில் போய் நின்றார். சாக்குகளை விலக்கினால், மணிச் சத்தம் வெளியே கேட்காதபடி அடியில் புதைந்து ஒரு போன். பால் கறக்கும்போதும் அம்மா பேசட்டும் என்று பல வருஷம் முன்பு நானே ஒயர் இழுத்து வைத்தது. மாட்டை விற்றதோடு போனை மறந்துவிட்டேன். அதற்கு ஸ்ப்ளிட்டர் கிடையாது.

"இது அடிக்கறப்பல்லாம் உங்க நெட்டு போயிருக்கும் தம்பி" என்றார்.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. விளக்கு அணைந்த ஐந்து தடவையும் மாமா கூப்பிட்டிருக்கிறார். நான் உட்கார்ந்து திட்டியது அவரைத்தான்.

வேலையும் போயிற்று. அதற்கு நான் அழவில்லை.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. லேண்ட்லைனே இல்லை. ஆனாலும் நெட் போனால், அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொல்வாள்.

"எந்திரிச்சுப் போடா. யாரோ கூப்புடறாங்க."

வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து, கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.