நூல் அறையில் நடந்த கலகம்

காஞ்சிபுரம்,
12-9-68

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு, உன் அக்காள் புருஷன் கைலாசம் ஆசீர்வதித்து எழுதுவது. ஏகாம்பரநாதர் அருளால் இங்கு எல்லோரும் நலம். நூல் அறை மட்டும் கரியாகிவிட்டது.

முகூர்த்தச் சேலைகளுக்குச் சாயம் போட்டு வைத்திருந்த பட்டு முழுவதும் போயிற்று. தறிகள் சும்மா நிற்கின்றன, நெய்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வருகிறது. நீ ஏஜெண்டாக இருந்து எடுத்துக்கொடுத்த தீ இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அதை உன் அக்காள் கெடுத்துவிட்டாள்.

கோபுரத்துக் குரங்குகள் கொல்லையில் இறங்கி, காயப்போட்ட நூலைப் பிய்த்தன. விரட்டுவதற்காக ஓர் ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டேன். கிழட்டுக் கடுவன் ஒன்று அதைத் தட்டிவிட, நேராக நூல் அறைக்குள் போய் வெடித்தது. கம்பெனி அதிகாரி விசாரிக்க வந்தபோது நான் வீட்டில் இல்லை. பதில் சொன்னவள் உன் அக்காள் மங்கையர்க்கரசிதான். அனுமாருக்கு வேண்டிக்கொண்டதிலிருந்து குரங்கு என்ற சொல்லை அவள் என்னைத் தவிர வேறு யாருக்கும் பயன்படுத்துவதில்லை, உனக்கே தெரியும். மரியாதையாக ‘அவங்க’ என்பாள்.

“அவங்க கூட்டமா வந்து கலாட்டா பண்ணிக்கினு இருந்தாங்க. வெடி அவங்க பக்கத்துலேர்ந்துதான் வந்து வுழுந்துது” என்றிருக்கிறாள். முன்பும் மிரட்டியதுண்டா என்றாராம்; தினமும் பல்லைக் கடித்து மிரட்டுவார்கள் என்றாளாம். என்ன கோரிக்கை என்றதற்கு, எல்லாம் வயிற்றுக்குத்தான் என்றாளாம். போலீசில் சொல்லக்கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

“போலீஸ்காரரே அவங்க கிட்ட தொப்பியப் பறிகொடுத்தாரு” என்றாளாம்.

அவர் வெலவெலத்துப் போய், மக்களை அச்சுறுத்தும் கூட்டம் வெடி வீசியதாக எழுதிக்கொண்டு, கலகத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் நஷ்டஈடு என்று சொல்லிவிட்டுப் போனாராம். காஞ்சிபுரத்தில் என்ன கலகம் வரப்போகிறது என்று அன்றைக்கு உன்னிடம் வேண்டாமென்றவன் நான்தானே. ஆகவே இன்றே கம்பெனிக்குப் போய், வந்தவை குரங்குகள், குரங்குகளேதான் என்று அடித்துச் சொல்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு முத்தம். காமாட்சி துணை.

இப்படிக்கு,
கைலாசம்

பி.கு.: உறையை ஒட்டும்போது, கம்பெனியில் விஷயம் கேள்விப்பட்டு நீ எழுதிய கார்டு வந்தது. நான் வேண்டாமென்றும் கேட்காமல் கலகத்துக்கும் நீயே சேர்த்துக் கட்டியிருக்கிறாயாமே, மகராசனாக இரு. வீட்டு ஆள் கொளுத்திய வெடிக்கும் குரங்குச் சேட்டைக்கும்தான் கம்பெனி தராதாம். ஆகையால் மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. உன் அக்காள் சொன்னது சொன்னபடி சரி. வெடியைத் தட்டிவிட்ட கிழவர் இப்போது மதில்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். வாழைப்பழம் கொடுத்து உபசரித்திருக்கிறேன்.