ஒற்றை ஆள் ஊர்வலம்

பாரிஸ் நகரத்து வாசற்படிகளின் உயரத்தை சென்ரிமீற்றர் கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பலகை அண்ணைதான். தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு புடவைக்கடையைச் சொன்னால் அங்கே என்ன நிறம் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "அது பதினெட்டு, தம்பி. உள்ளுக்கை இன்னொரு படி, பன்னிரண்டு" என்பார். சக்கர நாற்காலியில் இருந்து பார்க்கிறவருக்கு ஊர் அப்படித்தான் தெரியும்போல.

அவர் வீட்டுக் கதவு நேரே தெருவுக்குத் திறக்கும். கதவுக்கும் தெருவுக்கும் நடுவில் இரண்டு படிகள். அவற்றின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால்தான் வெளியே வரலாம், அதை அவரால் தூக்க முடியாது. மனைவி இறந்துவிட்டார், மகள் கனடாவில். அதனால் ஜன்னலடியில் இருந்துகொண்டு, கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகிற தமிழ் முகம் ஒன்றையும் கூப்பிடாமல் விடமாட்டார். இரக்கப்பட்டு நாற்காலியோடு தூக்கப் போனால் கோபம் வந்துவிடும்.

"நான் என்ன சாமியே, நாலு பேர் காவ? பலகையை வையும், காணும்."

பலகை வைத்தவர் லேசில் தப்ப முடியாது. தேத்தண்ணி வரும், பிறகு படிக்கணக்கு வரும். வேலைக்குப் போகிற வழியில் ஒருநாள் வைத்தேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அவருக்கு வேண்டியது ஒரு நிரந்தரச் சாய்தளம். "நினைச்ச நேரம் தனியப் போய்வர வேணும், தம்பி. ஆரையும் கூப்பிடாமல்." எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பதால் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நகரசபையின் பதில் மிக மரியாதையாக வந்தது. கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டி நடைபாதையில் எதுவும் நீளக்கூடாது, அதுதான் விதி.

அண்ணை அடுத்த கடிதத்தைத் தானே சொன்னார். "வருசத்திலை ஒருநாள் எங்கடை கோயில் தேருக்கு முழு றோட்டையும் விடுறியள். என்ரை நாற்காலியும் சில்லிலை ஓடுறதுதான். எனக்கு ரெண்டு முழம் காணும் எண்டு எழுதும்."

"உப்பிடி எழுதேலாது, அண்ணை."

"ஏன், பிரெஞ்சிலை தேருக்குச் சொல் இல்லையே?"

எழுதினேன். ஊர்வலத்துக்கு வேறு படிவம் என்று பதில் வந்தது, படிவமும் கூடவே வந்தது. அண்ணை விடவில்லை, நிரப்பச் சொன்னார். புறப்படும் இடம்: வீட்டு வாசல். முடியும் இடம்: மரக்கறிக்கடை. பங்குபற்றுவோர்: ஒருவர்.

அந்த ஒற்றை ஆள் ஊர்வலத்தைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். படிகளைப் பார்த்தார், சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. மாற்றுத்திறனாளி என்ற காரணத்தைக் காட்டி விதிவிலக்குக் கேட்கலாம் என்றார். நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதே இல்லை. கேட்டோம். சில மாதங்களில் கைப்பிடியோடு சாய்தளம் வந்தது.

முதல் வாரம் அண்ணையை வீட்டில் பிடிக்க முடியவில்லை. பிறகு எங்களைத்தான் அவர் வீட்டுப் பக்கம் காணவில்லை. பலகை வைக்கத் தேவையில்லையே. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றே "சுகம்தானே, அண்ணை?" என்று கையைக் காட்டிவிட்டுப் போனோம். ஒரு தொல்லை விட்டது என்று நானும் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, சரிவு கொஞ்சம் கூடிப்போச்சுப் போலை. ஒருக்கா வந்து அளந்து பாருமன்."

போனேன். மேசையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி தயாராக இருந்தது. கதவுக்குப் பின்னால் பழைய பலகை தூசி தட்டித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அளவுநாடாவை விரித்து மேலும் கீழும் அளந்தேன். ஒரு பிழையும் இல்லை. அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை, பிழைதான்" என்றேன். "ஒருநாளிலை சொல்லேலாது. அடுத்த ஞாயிறும் வந்துதான் பாக்கவேணும்."