சந்திரனில் லோறன்சின் நிறை

லோறன்ஸ் இரண்டாம் முறையும் சோறு கேட்டபோது றோஸ்மேரிக்கு நெஞ்சு பக்கென்றது. அவர் உண்ணும் ஒவ்வொரு பிடியும் அவள் கண்ணுக்கு மெழுகுதிரியாகவே தெரிந்தது.

பங்குனியில் வள்ளத்தோடு காணாமற்போன மனிதர். அன்றிரவு அவள் மன்னார்க் கடற்கரை மணலில் முழந்தாளிட்டு, புருசன் உயிரோடு வந்தால் அவருடைய நிறைக்கு நிறை மெழுகுதிரி தருவதாக, அவருக்குப் பெயர் தந்த ஊர்க்கோயில் புனிதர் லோறன்சியாருக்கு நேர்ந்துவிட்டாள். அவரில் ஓர் இறாத்தலும் குறையக் கூடாது என்றும் அழுதிருந்தாள்.

குறையவில்லை. இயந்திரம் பழுதாகி விடத்தல்தீவில் கரையொதுங்கியவர், அங்கே தன் அக்கா அன்ரோனெற் வீட்டில் நண்டுக்கறியோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

நேர்த்தியை முடிக்காமல் அவரை மறுபடி கடலுக்கு விட அவளுக்குத் தைரியமில்லை. லோறன்சியார் திருநாளோ கிட்டிவிட்டது. அவ்வளவு மெழுகுதிரிக்கும் வழியில்லை.

முதலில் இரவுச் சோற்றை நிறுத்திக் கஞ்சி கொடுத்தாள். அவர் அக்கா வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் நின்று, புதிய தொந்தி வண்டியோடு திரும்பினார். பிறகு கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் விட்டாள். பசி இரட்டிப்பானது.

அந்த நேரத்தில்தான் மனிதர் சந்திரனில் இறங்கினார்கள். லோறன்ஸ் றேடியோவை விட்டு அசையவில்லை. ஒருநாள் அவளையும் கூப்பிட்டு விளக்கினார்.

"சந்திரன் சின்னன். அதாலை இழுக்கிற பெலனும் குறைவு. இஞ்சை நூற்றியெண்பது இறாத்தல் இருக்கிற நான் அங்கை முப்பதுதான்."

"மெலிஞ்சு போவியளோ?"

"இல்லையடி. ஆள் அப்பிடியே இருப்பன். பாரம் மட்டும் ஆறிலொன்று."

அங்கே துள்ளினால், இறங்க மனமில்லாதவர்கள் போல மெல்லத்தான் இறங்குவார்களாம். அவள் முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்தாள். பிறகு, வலையும் வள்ளமும் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று இத்தனை வருசமாக நினைத்திருந்த தன் புருசனைப் பார்த்தாள். நிலவை விட அவர்தான் அதிசயமாகத் தெரிந்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நிறைக்கு நிறை என்றுதானே நேர்ந்தாள், எங்கே வைத்து நிறுப்பது என்று சொல்லவில்லையே.

யோசனை வந்த கையோடு வெட்கமும் வந்தது. குறையக் கூடாது என்று கேட்டு வாங்கிய பாரத்தை இப்போது குறைக்கப் பார்க்கிறாள். ஆனால் சந்திரனில் அவர் ஒரு மயிரிழையும் குறைவதில்லையே. நிலம்தான் அவரைக் கொஞ்சம் இளக்கிப் பிடிக்கிறது. அப்படி நினைத்தபோது மனம் ஆறியது.

பங்குச் சுவாமியாரிடம் காதோடு காதாகக் கேட்கப் போனாள். சுவாமியும் இரவிரவாக றேடியோ கேட்டவர். அவர் பூரித்துப்போய், திருநாளன்று லோறன்சைச் சந்திரக் கணக்கில் நிறுக்கப் போவதாக ஞாயிறு பூசையிலேயே அறிவித்துவிட்டார்.

திருநாளன்று கோயில் வளவு கொள்ளவில்லை. கருவாட்டு வியாபாரி ஜுனைதீன் நானா தன் பெரிய தராசைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார். விடத்தல்தீவிலிருந்து அன்ரோனெற்றும் வந்து முன்வரிசையில் நின்றாள்.

ஒரு தட்டில் லோறன்ஸ் குந்தினார். மறுதட்டில் முப்பது இறாத்தல் மெழுகுதிரி. லோறன்சின் தட்டு தொப்பென்று தரையில் இறங்கியது. சனம் சிரித்தது. றோஸ்மேரி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுவாமி கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

"இது பூமி, பிள்ளையள். இதே தராசைச் சந்திரனிலை தூக்கினா, லோறன்சும் இந்த மெழுகுதிரியும் சரிசமனா நிக்கும். நேர்த்தி முடிஞ்சுது."

சனம் வாய் பிளந்து நின்றது. யாரோ கை தட்ட, வளவே தட்டியது. தட்டில் இருந்தபடியே லோறன்ஸ் கைகூப்பினார். இனி அவர் கடலுக்குப் போகலாம். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது இறங்கியதுபோல் இருந்தது றோஸ்மேரிக்கு.

கைதட்டல் ஓய்ந்ததும் அன்ரோனெற் கேட்டாள்.

"சுவாமி, தம்பியைச் சந்திரனுக்கு அனுப்புறியள், சரி. மற்றத் தட்டிலை கிடக்கிற மெழுகுதிரி மட்டும் பாரம் குறையாமல் மன்னாரிலையே நிக்குதோ?"