சுருளியாண்டி பரணும் ஒரு டக்டக் சத்தமும்

ஏ, உக்காருங்கப்பா! அங்கன யாரு குசுகுசுங்கிறது? வாய மூடி, காதத் தொறந்து வைங்க.

நம்ம கூடலூரு சுருளியாண்டி இருக்காருல்ல, குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப்பு டிரைவரு? வண்டில எங்கிட்டு சத்தம் வந்தாலும் கண்ண மூடிக்கிட்டே "இது பேரிங்கு, இது பெல்ட்டு"ம்பாரு. கல்யாண வீட்டுல மேளம் அடிச்சாக்கூட "போல்ட்டு லூசு"ம்பாரு.

கழட்டுன சாமான் ஒண்ணையும் தூரப் போடமாட்டாரு. அம்புட்டும் வீட்டுப் பரணுல.

"பரணுல எவளாச்சும் கை வச்சீக, இந்த ஆண்டி நெசமாவே ஆண்டியாப் போயிருவேன்!"

அவரு சம்சாரம் அனுசுயா. ஒருநாளைக்கு நாலு வார்த்த பேசுனா அன்னிக்கு மழ.

ஞாயித்துக்கெழம காலையில காப்பிய வாயில வக்கிறாரு. மூலையில, போர்வைக்கடியில என்னமோ "டக்... டக்..."ங்குது.

"அது எந்தா சாதனம்?" பதறுனா அவருக்கு மலையாளந்தான் வரும்.

"மகளிர் குழுவுல போட்டி. வீட்டுல வீணாக் கெடக்குறத வச்சு கைவேல செய்யணுமாம்."

"தெறந்து காட்டு."

"இன்னும் செஞ்சு முடியலங்க. ஒரு சாமான் கொறையுது."

"என்ன சாமான்?"

"தெரியல."

பக்கத்து வீட்டு மொக்கம்மா, குழுத் தலைவி, வாசல்ல நிக்கிது. "கொழுந்தனாரே, இந்தச் சத்தம் உங்களுக்கே பிடிபடாதாம்ல?"

"எவன் சொன்னான்? பேரிங்கு இல்லாம ஓடுது மதினி!"

போட்டாரு ஏணிய. எறக்குனாரு பேரிங்க. அனுசுயா அத வாங்கிப் போர்வைக்குள்ள கைய விட்டுச்சு. "டக் டக்" போயி "டொக் டொக்"னு ஆச்சு.

"பாத்தியா! கிட்ட வந்துட்டோம்!"

"சேரலங்க."

பேரிங்கு மொக்கம்மா கைக்குப் போயி, அங்கிட்டு வாசலுக்குப் போச்சு.

"அப்ப ஸ்பிரிங்கு!"

"சேரலங்க."

"ஆயில் டின்னு?"

"ம்ஹூம்."

டயர அவராத்தான் உருட்டிவிட்டாரு. சத்தத்துக்கும் டயருக்கும் என்னய்யா சம்பந்தம்னு யாரும் கேக்கல. அவரும் கேட்டுக்கல. பழைய ரப்பர் ஆரன எறக்கி பாம் பாம்னு ரெண்டுதடவ அமுக்கியும் காட்டுனாரு.

மத்தியானம் ஆச்சு. பரணுல ஒத்தப் பல்லி மட்டும் திருதிருன்னு முழிக்கிது. வேர்க்க விறுவிறுக்க எறங்குனவரு வாசலப் பாத்தா, குழுப் பொம்பளைக ஆயில் டின்னுக்கெல்லாம் மஞ்சப் பெயிண்டு அடிச்சு ரோசாச் செடி வச்சிட்டாக. டயரு ஊஞ்சலாகி வேப்பமரத்துல தொங்குது. அதுல ரெண்டு பொம்பளைக ஆடிக்கிட்டிருக்காக.

"அடப்பாவிகளா, என் சாமானு!"

உள்ள ஓடிவந்து போர்வைய உருவுனாரு. ஒரு பவுடர் டின்னு. அதுக்குள்ள ஒரு ஓட்ட அலாரக் கடியாரம். மேல ஒரு கரண்டி. வேற ஒண்ணுமே இல்ல!

"ஏண்டி, இது என்ன மெசினுடி?"

அனுசுயா காலித் தம்ளர எடுத்துக்கிட்டே சொல்லுச்சு:

"பரணக் காலி பண்ற மெசினுங்க."