அறக்குளாப் பெட்டியில் ஓர்க்கிட்

"நிருஷன், அந்தப் பல்லி உயிரோட இருக்கோ, செத்துப்போச்சோ?"

கைப்பேசியில் மிஸ் இப்படிக் கேட்டதும் நிருஷன் எழுந்து நின்றுவிட்டான்.

"எந்தப் பல்லி மிஸ்?"

"நீர் காலமை காலமை அனுப்புற படத்தில, ஓர்க்கிட் கண்டுக்குப் பின்னால சுவரில நிக்கிற பல்லி. போன கிழமை முழுக்க ஒரே இடத்தில, ஒரே மாதிரி வாலை வளைச்சுக்கொண்டு நிக்குது."

"இஞ்சத்த வெக்கைக்கு அதுகும் அசையுதில்லை மிஸ்."

"அப்ப நாளையில இருந்து வீடியோவில காட்டும்."

அழைப்பு நின்றது. நிருஷன் தன் முன்னால் இருந்த பூச்சாடியைப் பார்த்தான். அதிலிருந்த ஓர்க்கிட் கன்றின் இலைகளில் பாதி மஞ்சள். மீதி, மஞ்சளாவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பல்லியோடு நிற்கும் அந்த ஒரே படம், கன்று பச்சையாக இருந்த முதல் நாளில் எடுத்தது.

விமலேஸ்வரி மிஸ் முல்லைத்தீவில் அவன் வேலை செய்த அலுவலகத்தின் தலைவி. நுவரெலியாவில் இருந்து மாற்றலாகி வந்தபோது அந்தக் குளிர்நாட்டுக் கன்றை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அவருடைய அறையில் ஏசி ஓடுவது அவருக்காக அல்ல, அதற்காக என்றுதான் அலுவலகத்தில் கதை. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் புறப்படும்போது நிருஷனைக் கூப்பிட்டுச் சாடியைக் கையில் கொடுத்தார்.

"குளிரா வைச்சிரும். வெயில் படக்கூடாது, வேரில தண்ணி தேங்கக்கூடாது. என்ர பிள்ளை மாதிரி."

மிஸ் விமானம் ஏறி இரண்டு நாளில் ஏசி நின்றுபோனது. திருத்துவதற்கு மிஸ்ஸின் கையெழுத்து வேண்டுமாம். வேறு வழியில்லாமல் கன்று நிருஷனின் வாடகை அறைக்கு வந்து சேர்ந்தது.

அவன் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் அவன் மனைவி யதுர்ஷிகா பிள்ளைத்தாய்ச்சியாகத் தனியே இருந்தாள். அவன் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போய் முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வருவான். கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்தால் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். அதற்கு மிஸ் மேலிடத்தில் ஒரு சொல் சொன்னால் போதும். மிஸ்ஸின் மனம் குளிர வேண்டுமானால் முதலில் மிஸ்ஸின் கன்று குளிர வேண்டும்.

"இஞ்சாருங்கோ, என்னை ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை நீங்கள்," என்றாள் யதுர்ஷிகா தொலைபேசியில்.

"உமக்காகத்தானே அதைப் பாக்கிறன்."

"நல்லாப் பாருங்கோ. பிள்ளை பிறந்து 'ஆர் இந்த மாமா' எண்டு கேக்கப்போகுது."

அன்றே நிருஷன் கிணற்றடி மரநிழலில் நனைத்த சாக்கை விரித்துச் சாடியை அதில் வைத்தான். காற்றுப் பட்டு இலைகள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரித் தெரிந்தது. நிம்மதியாக வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது அந்த வீதிப் பூனைகள் எல்லாம் கிணற்றடியில் கூட்டம் போட்டிருந்தன. சாடி கவிழ்ந்து வேர் வெளியில் கிடந்தது.

"ஐயோ மார்கிறட் அக்கா! என்ன நடந்தது?"

வீட்டுக்காரி மார்கிறட் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "பாவமாக் கிடந்துது தம்பி. வெறுந்தண்ணியில என்ன சத்து? மீன் கழுவின தண்ணியை ஊத்திவிட்டனான். என்ர றோசாவுக்கும் அதுதான் ஊத்துறனான்."

நிருஷனுக்கு அழுகை வந்தது. வாடகை வீட்டில் அழுவதற்கும் ஒரு முறை இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டு வேரைக் கழுவித் திரும்ப நட்டான். இனி வெளியில் வைப்பதில்லை. மார்கிறட்டிடம் கெஞ்சிக் கேட்டு அவளுடைய குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இடம்பிடித்தான். 'குளிரா வைச்சிரும்' என்றுதானே மிஸ் சொன்னார்?

மறுநாள் மத்தியானம் மார்கிறட் மீன்குழம்பு வைத்திருந்தாள். நிருஷன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"குழம்பு நல்லா இருக்கக்கா."

"என்னத்தை நல்லா இருக்கு? கீழ்த்தட்டில கிடந்த றம்பை இலை கொஞ்சமும் மணக்கேல்லை. இந்த மனிசனை வாங்கிக்கொண்டு வரச் சொன்னால் பழசைத்தான் வாங்கி வரும்."

"நான் எங்க றம்பை வாங்கினனான்?" என்றார் அவள் கணவர் கிறிஸ்தோப்பர், சோற்றில் இருந்து தலையை நிமிர்த்தாமல்.

நிருஷன் எச்சில் கையோடு எழுந்து ஓடிப் பெட்டியைத் திறந்தான். கன்றில் எஞ்சியிருந்த நல்ல இலைகளில் நீளமான இரண்டைக் காணவில்லை. அவை எங்கே போயின என்று அவனுடைய வயிற்றுக்குத் தெரியும்.

நடந்ததை எல்லாம் கேட்ட கிறிஸ்தோப்பர் ஆறுதலாகக் கை கழுவினார். கடற்கரையில் மீன் வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவது அவர் தொழில்.

"தம்பி, குளிர் எண்டால் என்னட்ட வந்திருக்கவேணும். கொழும்பு போய்ச் சேருமட்டும் அறக்குளா மீனின்ர கண் மங்காமல் வைக்கிறவன் நான். இந்தப் புல்லை வைக்கமாட்டனோ?"

"இது புல்லில்லை அண்ணை."

"மீனுமில்லைத்தானே. பயப்பிடாதையும்."

மீன் அனுப்பும் பழைய றெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றில் உடைத்த ஐஸைப் பரப்பி, மேலே பலகை போட்டு, பலகையில் சாடியை வைத்து, மூடியை அரைவாசி சாய்த்துவிட்டார். இரவில் பெட்டிக்குள், பகலில் கிணற்றடி நிழலில் என்று ஒழுங்காயிற்று. நிருஷன் மாதாவையும் வற்றாப்பளை அம்மனையும் ஒன்றாகக் கூப்பிட்டான். யாராவது ஒருவருக்குக் கேட்டிருக்க வேண்டும், கிழமைகள் போகப்போக மஞ்சள் நின்றது, புதிய இலை ஒன்று வந்தது. வீடியோ கேட்ட மிஸ்ஸுக்கு மட்டும், "நெட்வேர்க் சரியில்லை மிஸ்" என்று சொல்லிச் சமாளித்துவந்தான்.

ஒரு விடியற்காலை பல் தீட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணை, பெட்டி எங்க?"

கிறிஸ்தோப்பர் தலையைச் சொறிந்தார். "லொறிப் பொடியள் வந்து பெட்டியளை ஏத்தினவங்கள். அதையும் சேத்து..."

"எங்க போற லொறி?"

"கொழும்புக்கு."

நிருஷன் வாய் கொப்பளிக்கவில்லை. உடுத்த சாரத்தோடு கிறிஸ்தோப்பரின் மோட்டார்சைக்கிளில் பாய்ந்து ஏறினான். வழியில் ஒட்டுசுட்டானிலும் லொறியைக் காணவில்லை. கொழும்பு மீன்சந்தையில் யாரோ ஒருவன் கன்றை நிறுத்துப் பார்ப்பதுபோல அவனுக்கு ஒரே நினைவு. கண் கலங்க மாங்குளம் சந்திக்கு வந்தபோது லொறி தேத்தண்ணிக் கடையடியில் நின்றது.

சாரதியின் கையைக் காலைப் பிடித்துப் பின்கதவைத் திறப்பித்தான். அறக்குளாக்களுக்கு நடுவில் கன்று நின்றது. ஆனால் அடியில் விரல் தடிப்பில் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு வந்திருந்தது.

"போச்சு. அழுகிப்போச்சு," என்று நிருஷன் புலம்பினான். மற்ற இடத்துக்குப் பரவுமுன் கிள்ளி எறியலாம் என்று நகத்தை வைத்த நேரம் கைப்பேசி அடித்தது. பதற்றத்தில் விரல் எங்கோ பட்டு, திரையில் மிஸ்ஸின் முகம் வந்துவிட்டது.

"ஆ, இண்டைக்கு நெட்வேர்க் இருக்கு! கண்டைக் காட்டும் பாப்பம்."

ஓடவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது. காட்டினான்.

"கையை எடும்! கையை எடும் எண்டுறன்! அது பூத்தண்டு!"

"என்ன மிஸ்?"

மிஸ் அழுதுகொண்டிருந்தார். "நான் வன்னிக்கு வந்த நாளில இருந்து அது ஒருக்காலும் பூக்கேல்லை. ராவில நல்ல குளிர் பட்டாத்தான் பூக்கும். அந்த ஏசிக் குளிர் அதுக்குக் காணாது. எங்க வைச்சிருந்தனீர் நிருஷன்?"

"ஒரு... குளிரான இடத்தில மிஸ்."

"உமக்குப் பின்னால கண்ணை முழிச்சுக்கொண்டு ஆர்?"

"அறக்குளா மிஸ்."

மிஸ் அதைக் காதில் வாங்கவே இல்லை.

பயிற்சி முடிந்து அவர் திரும்பி வந்த அன்று, மீண்டும் அவர் அறைக்கு வந்த கன்றில் தண்டு முழுக்கப் பூ. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட பூக்கள். கிட்டப் போனால் மீன் வாடை லேசாக அடித்தது, ஆனால் மிஸ்ஸுக்கு அது தெரியவில்லை. அலுவலகமே வந்து சுற்றி நின்று படம் எடுத்தது. நிருஷன் நல்ல சேட்டுப் போட்டு வந்திருந்தான். யதுர்ஷிகாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்று கேட்காவிட்டால் இனி என்றைக்கு?

"மிஸ், என்ர கிளிநொச்சி மாற்றம்..."

"அதைச் சொல்லத்தான் உம்மைக் கூப்பிட்டனான். இரும்."

நிருஷன் கதிரையின் நுனியில் இருந்தான்.

"கிளிநொச்சியில இருந்து உம்மைக் கேட்டவை. இண்டைக்குக் காலமைதான் கதைச்சனான்."

"மெத்தப் பெரிய உபகாரம் மிஸ்!"

"பொறும். 'இப்பிடிப்பட்ட கைராசிக்காரனை நான் பென்சன் எடுக்குமட்டும் விடமாட்டன்' எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன்," என்று மிஸ் பெருமையோடு சிரித்தார். "நுவரெலியாவில இருந்து இன்னும் நாலு கண்டு வருது. எல்லாம் உம்மட பொறுப்பு."

நிருஷன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. தன் மேசையில் வந்து இருந்தான். கைப்பேசியில் யதுர்ஷிகா அழைத்துக்கொண்டே இருந்தாள். எடுத்தால் என்ன சொல்வது? பிறக்கப்போகும் பிள்ளையை நினைக்க நெஞ்சு நொந்தது.

பியோன் வின்சன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"என்ன சேர், பூவும் பூத்து, முகம் வாடிக் கிடக்கு?"

"அண்ணை, இந்தக் கண்டு மட்டும் செத்திருந்தால் மிஸ் என்னை என்ன செய்திருப்பா?"

வின்சன் மிஸ்ஸின் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லகாலம் தப்பினீங்கள் சேர்! உங்களுக்கு முந்தி இந்தக் கதிரையில இருந்தவர் இதின்ர சோடிக் கண்டைக் காயவிட்டுட்டார், 'இனி என்ர முகத்தில முழிக்காதையும்' எண்டு மிஸ் அந்தக் கிழமையே அவரைக் கிளிநொச்சிக்கு அடிச்சுக் கலைச்சுப்போட்டா!"