காட்டில் நான் தொலைந்த விஷயம்

ஓசூர்,
புதன்கிழமை.

அன்புத் தங்கை மாதேஸ்வரிக்கு, அண்ணன் தீர்த்தகிரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கல்லாவியில் நீயும் மாப்பிள்ளையும் மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாய்; அதனால்தான் கடிதம்.

போன வாரம் கோபி லீவு போட்டு, மருமகள் சுஜாதா, பேத்தி ஹரிணி, என்னை எல்லாம் காரில் கூட்டிக்கொண்டு போனான். முதலில் காடு, பிறகு கடல். ஒரே வீட்டில் இருந்தும் அவன் ஷிப்டு மாறி மாறி வருவதால் மகன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். வழியெல்லாம் பேசலாம் என்று ஆசையாக முன்சீட்டில் ஏறினேன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள், "ஹரிணிக்கு வாந்தி வருதுப்பா, நீங்க பின்னால போயிடுங்க" என்றான். பின்னால் சுஜாதா தூங்கிவிட்டாள். சக்லேஷ்பூர் வரை எனக்குப் பேச்சுத்துணை மடியிலிருந்த தண்ணீர் கேன்தான்.

காட்டில் ஏழு கிலோமீட்டர் நடை. ஷூ கயிறு அவிழ்ந்தது என்று குனிந்தேன், என் முட்டிதான் உனக்குத் தெரியுமே, நிமிர்ந்தபோது முன்னால் சிவப்புச் சட்டை தெரிந்தது, கோபி என்று பின்னாலேயே நடந்தேன், மனசில் இருந்ததையெல்லாம் சொன்னேன், உன் அண்ணி போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதையும் சொன்னேன், அவனும் ஊம் கொட்டிக்கொண்டே வந்தான், என்னடா இவ்வளவு பொறுமை என்று பார்த்தால் திரும்பியது யாரோ கன்னடக்காரர்! "தமிளு பரல்லா அஜ்ஜா" என்றார். தமிழே தெரியாதாம். ஆனாலும் அரை மணி நேரம் கேட்டார் பார்! அவர் குடும்பம் எனக்குச் சித்திரான்னம் கொடுத்து, குறுக்கு வழியில் எங்கள் கார் நின்ற இடத்தில் கொண்டுவந்து விட்டது.

போனில் டவர் இல்லை. ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து, கோபி வந்ததும் திட்டுவானா, கட்டிக்கொள்வானா, நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மூவரும் வந்தார்கள். "தண்ணி குடிச்சிங்களாப்பா? கெளம்பலாமா?" அவ்வளவுதான். நான் தொலைந்ததே யாருக்கும் தெரியவில்லை, மாதேஸ்வரி.

மறுநாள் மங்களூர்க் கடற்கரை. அவர்கள் தண்ணீரில், நான் செருப்புகளுக்குக் காவல். கொஞ்சம் கண் அசந்தேன், அலை வந்து சுஜாதாவின் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோய்விட்டது. அடேயப்பா! கோபி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான், ஹரிணி பலூன்காரரையும் கூப்பிட்டுத் தேடச் சொன்னாள். ஒரு செருப்புக்கு அரை மணி நேரத் தேடல்! "ஜோடியில ஒண்ணு போயிட்டா இன்னொண்ண வெச்சிக்கிட்டு என்னா பண்றது மாமா" என்றாள் சுஜாதா. விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி இவர்களோடு எங்கும் போவதாக இல்லை. மாங்காய் சீசனுக்கு அங்கேயே வந்துவிடுகிறேன். கோபியிடம் மூச்சு விடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வருஷம் இருக்கட்டும், கூட்டமாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
தீர்த்தகிரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சுஜாதா காப்பி கொண்டுவந்தாள். வாய் தவறி, "அந்தக் காட்டுல..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு மாமா. உங்களக் காணோம்னு ரெண்டு தடவ திரும்பக் காட்டுக்குள்ள ஓடிட்டு வந்தாரு. கார்கிட்ட நீங்க உக்காந்திருக்கறதத் தூரத்துல இருந்து பாத்ததும் பாறை மேல உக்காந்து அழுதுட்டாரு. அப்பறம் மூஞ்சக் கழுவிக்கிட்டு, 'யாரும் ஒண்ணும் கேக்காதிங்க, அப்பாவுக்கு வயசாயிடுச்சின்னு தோணிடப் போவுது'ன்னாரு" என்றாள். கோபி இன்னும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அவன் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டாம்.